400-லிருந்து 340-க்கு: வேட்டை அம்பு தயார் செய்த ஏழு வாரம்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வில்லோடு மான் வேட்டைக்குப் போகும் பருவம் அக்டோபர் 1 அன்று தொடங்கும். நம் ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. இங்கே லைசென்ஸ் எடுத்துக்கொண்டு சிறுவர்கள்கூடப் போகிறார்கள். போன வருடம் முழுக்க அட்டை இலக்கில் மட்டும் எய்துகொண்டிருந்தேன். இந்த வருடம் காட்டுக்குப் போவது என்று ஆகஸ்டில் முடிவு செய்தேன்.

வில் தயாராகவே இருந்தது: 60 பவுண்டு இழுவிசை உள்ள காம்பவுண்டு, அதாவது கப்பி வைத்த வில். அம்புகளும் இருந்தன: 400 ஸ்பைன் கார்பன் தண்டு, 28½ அங்குலம், முன்னால் 100 கிரெயின் முனை (கிரெயின் என்பது அம்பு எடைக்கான சின்ன அளவு). இலக்கில் நன்றாகவே போய்க்கொண்டிருந்தன. அத்தோடு விட்டிருக்கலாம். அம்பு கனமாக இருந்தால், அதுவும் முன்பக்கம் கனமாக இருந்தால், மானின் உடம்பில் ஆழமாக இறங்கும் என்று கேள்விப்பட்டு, தண்டுக்குள் ஒட்டி முனையைத் திருகி மாட்டும் லேசான அலுமினிய இன்சர்ட்டைக் கழற்றிவிட்டு 50 கிரெயின் பித்தளை இன்சர்ட் போட்டேன். அங்கே ஆரம்பித்தது வினை.

ஸ்பைன் என்பது தண்டின் விறைப்பு. 28 அங்குல இடைவெளியில் இரண்டு முனையையும் தாங்கி, நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிட வேண்டும். 0.400 அங்குலம் வளைந்தால் அது 400. ஆக, எண் குறையக் குறைய விறைப்பு கூடும். ஆனால் இது மேஜை மேல் சும்மா கிடக்கும் தண்டின் கணக்கு. எய்யும்போது நாண் பின்னாலிருந்து தள்ளுகிறது, முன்னால் இருக்கும் எடை அசைய மறுக்கிறது, நடுவில் மாட்டிக்கொண்ட தண்டு வளைகிறது. முன் எடையைக் கூட்டினால் அதே 400 தண்டு தொளதொளவென்று நடந்துகொள்ளும். நீளத்தைக் குறைத்தால் விறைப்பாகும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் உறைத்தது.

ஒரு சட்டகத்தில் காகிதம் ஒட்டி, ஆறடி தள்ளி நின்று அதன் வழியாக எய்து பார்த்தேன். அம்பு நேராகப் போனால் ஒரு துளையும் அதைச் சுற்றி மூன்று சிறகுக் கீறலும்தான் இருக்கும். எனக்கு முனை போன துளையிலிருந்து இடப்பக்கமாக முக்கால் அங்குலம் கிழிந்திருந்தது. வலது கைக்காரன் ரிலீஸ் (நாணைப் பிடித்து விடும் விசைக்கருவி) வைத்து எய்யும்போது இடப்பக்கம் கிழிந்தால், பெரும்பாலும் தண்டு தளர்வு என்று அர்த்தம். வில்லில் அம்பைத் தாங்கும் ரெஸ்ட்டைக் கொஞ்சம் நகர்த்தினேன், குறைந்தது, போகவில்லை. இரண்டு அம்புகளில் அரை அங்குலம் வெட்டிப் பார்த்தேன். இன்னும் குறைந்தது, அப்போதும் போகவில்லை. அதற்கு மேல் வெட்டினால் நாணை இழுக்கும்போது, வேட்டைக்கு மாட்டும் முனையின் பிளேடு ரெஸ்ட் பக்கம் வந்துவிடும். பக்கத்து வீட்டுப் பெரியவர் முப்பது வருடமாக மான் வேட்டைக்குப் போகிறவர். காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, வில்லை ஏன் திருகுகிறாய்? அம்பை மாற்று" என்றார்.

சரி, பித்தளையையாவது மீட்கலாம் என்று தண்டின் நுனியை லைட்டரில் காட்டினேன். முட்டாள்தனம். கார்பனில் இழைகளைப் பிடித்துவைத்திருப்பது ரெசின். சூடு பட்டால் அது போயிற்று. நுனி தும்பு தும்பாகப் பிரிந்தது. முனையைத் திருகி மாட்டி, அந்த இரும்பை மட்டும் சூடாக்கினால் வெப்பம் உள்ளே ஏறி ஹாட்மெல்ட் பசை இளகும், இடுக்கியால் இழுத்தால் வந்துவிடும் என்று பெரியவர் காட்டிக்கொடுத்தார். மிச்ச ஐந்தும் பிழைத்தன.

புதிதாக ஆறு 340 தண்டுகள் வாங்கினேன். அங்குலத்துக்கு 9.5 கிரெயின். இந்த முறை முதலிலேயே 28-க்கு வெட்டவில்லை. 28½-ல் வெட்டி, சிறகு ஒட்டாமலே எய்து பார்த்து, பிறகு கால் கால் அங்குலமாகக் குறைத்தேன். வெட்டுவது வேகமாகச் சுற்றும் அரைக்கும் சக்கரத்தில்தான்; ரம்பப் பல் கார்பனைப் பிய்த்துவிடும். கராஜ் கதவைத் திறந்துவைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு வெட்டியும் விரல் ரேகையெல்லாம் கரிப்பொடி. அந்தக் கையோடு சமையலறைக் குழாயைத் திறந்ததற்கு வீட்டில் வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக்கதை.

28 அங்குலத்தில் காகிதம் சுத்தமாக ஒற்றைத் துளை காட்டியது. கணக்கு: தண்டு 266, முனை 100, இன்சர்ட் 50, மூன்று சிறகு 18, நாக் (நாணில் மாட்டும் பின்முனைக் கவ்வி) 10. மொத்தம் 444 கிரெயின், கிட்டத்தட்ட 29 கிராம். இழுவிசையில் பவுண்டுக்கு 7.4 கிரெயின் வருகிறது. மானுக்கு இது தாராளம். கத்தியின் முதுகில் வைத்துப் பார்த்தால் நாக் பள்ளத்திலிருந்து 18 அங்குலத்தில் சமநிலை. நடுவிலிருந்து 4 அங்குலம் முன்னால், அதாவது 14 சதவீதம். வேட்டைக்கு 10-லிருந்து 15 வரை சொல்வார்கள்.

சிறகு ஒட்டும் வேலை எனக்குப் பிடித்தது. ஜிக்கில் தண்டை மாட்டி, கிளாம்பில் சிறகைப் பிடித்து, அடியில் மெல்லிய கோடாகப் பசை இழுத்து அழுத்த வேண்டும். தண்டை ஸ்பிரிட்டால் துடைக்காமல் ஒட்டிய முதல் சிறகு மறுநாள் நகத்தால் நெண்டியதும் கையோடு வந்தது.

செப்டம்பர் கடைசியில் பிளேடு முனை. இந்த மாநிலத்தில் குறைந்தது 7/8 அங்குல அகலம் இருக்க வேண்டும், என்னுடையது 1⅛. பிளேடும் காற்றைப் பிடிக்கும், அதனால் பயிற்சி முனை மறைத்துவைத்த சின்னப் பிசகையெல்லாம் இது பெரிதாக்கிக் காட்டும். 30 கஜத்தில் நான்கு அங்குலம் இடதுபக்கம் விழுந்தது. ரெஸ்ட்டை மயிரிழை வலப்பக்கம் நகர்த்தி எய்து, மறுபடி நகர்த்தி எய்து, மூன்றாவது தடவையில் இரண்டு வகை முனையும் ஒரே இடத்தில் குத்தின.

ஒவ்வொரு முறை எய்யும் முன்னும் தண்டைக் காதருகே வைத்து லேசாக வளைத்துப் பார்க்கிறேன். முறுமுறுவென்று சத்தம் வந்தால் குப்பைக்குத்தான். வெடித்த கார்பன் நாணை விட்டதும் கையில் ஏறிவிடும். பழைய 400-ல் ஒன்று அப்படிச் சத்தம் போட்டுக் குப்பைக்குப் போயிற்று.

ஆறு அம்புக்கும் எண் போட்டிருக்கிறேன். ஐந்து ஒழுங்காகப் போகின்றன. நான்காம் எண் மட்டும் இரண்டு அங்குலம் விலகியே விழுந்தது. நேற்று அதன் நாக் கவ்வியைக் கால் வட்டம் திருப்பினேன், பாதி சரியானது. இன்று சாயங்காலம் இன்னொரு கால் வட்டம் திருப்பிப் பார்க்கப் போகிறேன். வரவில்லையென்றால் அதில் பயிற்சி முனையே இருக்கட்டும். மான் பக்கம் ஐந்து போதும்.