சாக்கடைக் குழாய்க்குள் சீர்காழி

கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்க ஏதோ ஒரு பிளேயர் இருந்தால் போதும் என்பது என் கட்சி. நண்பன் ஒருவன் விடவில்லை. "பாட்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்துடலாம்டா" என்று ஒரு புது பிளேயரின் லிங்கை அனுப்பினான். முப்பரிமாண ஒலி, கச்சேரி மண்டபம், குரல் நீக்கி என்று ஏகப்பட்ட வசதிகள். ட்ரையல் இலவசம். இலவசம் என்றால் கை சும்மா இருக்குமா?

முதலில் ஹெட்போனை மாட்டி முப்பரிமாணத்தை அமுக்கினேன். இடப்பக்கம் ஒரு சத்தம் கிளம்பினால், அது இரண்டு காதுக்கும் வந்து சேர்வதில் உள்ள வித்தியாசம் ஒரு மில்லி நொடிகூடக் கிடையாது. அதை வைத்தே மூளை 'கொசு இந்தப் பக்கம்' என்று கையை ஓங்கிவிடுகிறது. முன்னாலா பின்னாலா என்பதற்குக் காதுமடலின் மடிப்புகள்தான் முக்கியமான துப்பு. இந்த மடிப்புகள் ஒலியை எப்படி மாற்றுகின்றன என்று கணக்குப் போட்டு, அதையே ஹெட்போனில் போலியாகச் செய்வதுதான் வித்தை. கணக்குக்கு யாருடைய காது? 1994இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கெமார் என்ற பொம்மையின் காதில் மைக் வைத்து, நாலாபக்கமும் ஒலி எழுப்பி அளந்து, அந்த அளவுகளை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். பொம்மைக் காதுக்குப் பொருந்துவது எல்லார் காதுக்கும் பொருந்திவிடாது.

எனக்குப் பொருந்தவில்லை. எதிரில் நிற்க வேண்டிய பாடகர் என் பிடரிக்குப் பின்னால் நின்று பாடினார். நிஜ வாழ்க்கையில் தலையைக் கொஞ்சம் திருப்பினால் விஷயம் தெரிந்துவிடும். இங்கே நான் திரும்பினால் அவரும் கூடவே திரும்புகிறார். மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன், வெடுக்கென்று திரும்பிப் பார்த்தேன். மனிதர் பிடரியை விட்டு நகரவே இல்லை.

"ஏண்டா, சாமி வந்தவனாட்டம் தலையை ஆட்டிட்டு இருக்கே?" என்றாள் அம்மா.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்பீக்கருக்கு மாறினேன். வீட்டில் மற்றவர்களும் இதில் மாட்டிக்கொண்டது அப்படித்தான்.

அடுத்து 'சூழல்' என்று ஒரு பட்டியல். பாத்ரூம், குகை, கார் நிறுத்துமிடம், தண்ணீருக்கடியில், சாக்கடைக் குழாய்! யாரோ கிறுக்கன் யோசித்தது என்று நினைக்க வேண்டாம். தொண்ணூறுகளின் கடைசியில் கம்ப்யூட்டருக்கான சவுண்ட் பிளாஸ்டர் லைவ் என்ற ஒலி அட்டையோடு வந்த ஈ.ஏ.எக்ஸ். என்ற எதிரொலி வசதியின் பட்டியல் இது. மொத்தம் 26 சூழல்கள். கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்காகச் செய்தது. துப்பாக்கியோடு சாக்கடைக்குள் ஓடுகிறவனுக்கு எதிரொலி சரியாக இருக்க வேண்டாமா? பட்டியலின் கடைசி மூன்றும் இடங்கள்கூட இல்லை. போதை, தலைசுற்றல், சித்தபிரமை. அவற்றை மட்டும் நான் தொடவில்லை. ஆபீஸ் வேலை நாளில் அந்த மூன்றும் எனக்குத் தானாகவே கிடைக்கின்றன.

அம்மாவுக்காக சூலமங்கலம் சகோதரிகளைப் போட்டேன். எதிரொலி பிரமாதமாக இருந்தது. அம்மாவும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே திரைக்குப் பக்கத்தில் வந்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"பாத்ரூம்னு போட்டிருக்கு? சாமி பாட்டை அங்கே எதுக்குடா கொண்டு போறே?"

அவசரமாகக் குகைக்கு மாற்றினேன். "குகைன்னா பரவாயில்லை, முருகன் இருப்பான்" என்று உள்ளே போய்விட்டாள்.

அப்பாவுக்கு சீர்காழி கோவிந்தராஜன். சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று சாக்கடைக் குழாயைத் தேர்ந்தெடுத்தேன். பேப்பரைத் தாழ்த்தி அப்பா கொஞ்ச நேரம் கேட்டார். "திருவிழாவில நாலு தெரு தள்ளிக் கேட்டா இப்படித்தான்டா இருக்கும். இதையே வை" என்றார். குழாயின் பெயரை நான் சொல்லவில்லை.

ஆனால் அப்பா உண்மையில் மயங்கியது குரல் நீக்கியில்தான். கல்யாண வீடுகளில் மைக்கைப் பிடித்தால் லேசில் விடாதவர். "அப்போ டி.எம்.எஸ். குரலை எடுத்துட்டு நான் பாடலாம்னு சொல்றே?" நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார். அறுபதுகளின் எம்.எஸ்.வி. பாட்டு ஒன்றைப் போட்டு, குரல் நீக்கியை அமுக்கினேன்.

மயான அமைதி. திரையில் கோடு மட்டும் நகர்ந்தது. அப்பா தொடையில் தாளம் போட்டபடி முன்னிசைக்காகக் காத்திருந்தார். கோடு பாதி தூரம் போய்விட்டது.

அதன் சூட்சுமம் இதுதான். ஸ்டீரியோவில் பாடகரின் குரல் பொதுவாக இரண்டு பக்கமும் சம அளவில் இருக்கும். ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்தைக் கழித்தால் குரல் போய்விடும், ஓரங்களில் இருக்கும் வாத்தியங்கள் மிஞ்சும். அப்பா காலத்துப் பாட்டு மோனோ. இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றே. கழித்தால் பூஜ்யம்.

விளக்கியதும் அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். "டி.எம்.எஸ்.ஸை அனுப்புடான்னா எம்.எஸ்.வி.யையும் சேர்த்து அனுப்பிட்டியா?"

சரி என்று எண்பதுகளின் ஸ்டீரியோ பாட்டு ஒன்றைப் போட்டேன். குரல் போனது. கூடவே நடுவில் வாசித்த தபலாவும் போனது. போகாதது குரலின் எதிரொலி மட்டும். பாடகரைக் காணோம், அவருடைய ஆவி மட்டும் தூரத்தில் முனகிக்கொண்டிருந்தது. "வேண்டாம்டா, விளக்கு வைக்கிற நேரம்" என்று அப்பா எழுந்துவிட்டார். குரல் நீக்கியை அணைத்தேன்.

இதற்கிடையில் அம்மா ஒரு காரியம் செய்திருந்தாள். சமையலறை ஜன்னல் என் மேஜைக்கு மேலேதான். அது வழியாக இடது ஸ்பீக்கரை எடுத்து உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அதனால் ஹாலில் அப்பாவுக்கு கிடார், சமையலறையில் அம்மாவுக்கு வயலின். ஓரத்தில் வாசிக்கும் எதுவும் இருவருக்கும் சேர்ந்து கேட்பதில்லை.

"எனக்கு வெறும் வயலின்தான் வருது. புல்லாங்குழல் எங்கே?"

"அது இங்கேதான் வாசிச்சிட்டிருக்கு" என்றார் அப்பா.

ஸ்பீக்கரைத் திருப்பித் தர அம்மா தயாராக இல்லை. விண்டோஸ் அமைப்புகளில் தேடி, 'மோனோ ஆடியோ' என்ற பொத்தானைத் தட்டினேன். ஹாலிலும் சமையலறையிலும் ஒரே பாட்டு, முழுப் பாட்டு. அப்பா சீர்காழியைப் போடச் சொன்னார். நடுவில் பிளேயர் ஒரு பெட்டியைக் காட்டியது: ட்ரையல் முடிகிறது, முப்பரிமாண அனுபவம் தொடர இன்றே பணம் கட்டுங்கள்.

"என்னடா கேட்குது அது?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லைப்பா" என்று பெட்டியை மூடினேன்.