ஆச்சி இடியாப்பம் என்று சொன்ன கேக்

எங்கள் வீட்டில் டிகாக்‌ஷன் ஆச்சியின் இலாகா. வயது 82. காலை ஐந்தரைக்கெல்லாம் பித்தளை பில்டரில் பொடியைப் போட்டு வெந்நீர் ஊற்றி மூடிவிடுவாள். அது இறங்கி முடியும்வரை பில்டரை யாரும் அசைக்கக் கூடாது, தட்டக் கூடாது, இறங்கிவிட்டதா என்று திறந்து பார்க்கவே கூடாது. அப்படிப்பட்டவளிடம் போய், “ஆச்சி, நாளைக்கு மொத டிகாக்‌ஷன் பூராவும் எனக்கு வேணும், கேக்குக்குள்ள ஊத்தணும்” என்று கேட்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. மே மாதப் பாளையங்கோட்டையில் எதற்கும் வேர்க்கும் என்பது வேறு விஷயம்.

சித்திரை கடைசியில் என் மனைவியின் பிறந்தநாள். அதற்கு முந்தின மாதம் திருவனந்தபுரம் போயிருந்தபோது ஒரு கடையில் காபி சீஸ்கேக் சாப்பிட்டோம். அடியில் பிஸ்கட், அதற்கு மேல் வெள்ளை, அதற்கு மேல் பழுப்பு, உச்சியில் ஒற்றைக் காபிக்கொட்டை. ஒரு வாய் வைத்துவிட்டு, “காபி மிட்டாயத் தயிர்ல கரைச்ச மாதிரி இருக்குங்க” என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். வீட்டிலேயே செய்து தருகிறேன் என்று அங்கேயே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

முதல் பிரச்சினை சீஸ். இதற்கென்று கிரீம் சீஸ் டப்பா விற்கிறார்கள். பிலடெல்பியா என்று பேர் போட்டு வருவதுதான் உலகத்துக்கே தெரிந்தது. ஆனால் அந்தப் பாலாடைக்கட்டி பிறந்தது பிலடெல்பியாவில் இல்லை, நியூயார்க் மாநிலத்தில், 1870களில். நல்ல பால்பொருளுக்கு அந்த ஊர் பேர்போனது என்று 1880இல் அந்தப் பெயரை ஒட்டினார்களாம். சென்னையில் தெருவுக்கு ஒரு கடை ‘திருநெல்வேலி அல்வா’ என்று எழுதி வைத்திருப்பதைப் பார்த்த நமக்கு இது புதிதில்லை. டப்பாவின் விலையைப் பார்த்தேன். தயிரே போதும் என்று முடிவு செய்தேன்.

ஒன்றரை லிட்டர் எருமைப்பாலைக் காய்ச்சி உறை ஊற்றினேன். தயிரைத் துணியில் கட்டிக் குழாயில் தொங்கவிடு என்று எல்லோரும் சொல்வார்கள். கத்திரி வெயிலில் அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். ராத்திரி தொங்கவிட்டது காலையில் மோர்க்குழம்புக்குத்தான் ஆகும், அவ்வளவு புளிப்பு. பழைய வேட்டித் துணியை வடிதட்டில் விரித்து, அடியில் ஒரு சட்டி வைத்து, தயிரை ஊற்றி, மேலே ஒரு தட்டும் அதன்மேல் தண்ணீர் செம்பும் பாரமாக ஏற்றி பிரிட்ஜுக்குள் தள்ளிவிட வேண்டும். மறுநாள் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே கெட்டித் தயிர் கிடைத்தது, வெண்ணெய் மாதிரி கத்தியில் தடவலாம். அதோடு 200 கிராம் பன்னீரை 200 மில்லி கிரீம் விட்டு மிக்சியில் நைசாக அரைத்துச் சேர்த்தேன். பன்னீர் இல்லாவிட்டால் ருசி முழுக்கத் தயிர்ப் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

இரண்டாவது பிரச்சினை, இதை எப்படி உட்கார வைப்பது. முட்டை போட்டு அவனில் சுடலாம், ஆனால் ஆச்சி தொடமாட்டாள். ஜெலட்டினும் மாட்டுத்தோல், எலும்பு வகையறா. அது மட்டுமில்லை, ஜெலட்டின் கிட்டத்தட்ட 35 டிகிரியிலேயே இளகிவிடும். எங்கள் கூடத்தில் மத்தியானம் பேன் போட்டாலே 35 இருக்கும். மிச்சம் கடல்பாசிதான், சைனா கிராஸ் என்பார்களே, அது. ஒரு தடவை உறைந்துவிட்டால் 80 டிகிரி தாண்டினால்தான் திரும்ப உருகும்.

முதல் தடவை பிரிட்ஜிலிருந்து எடுத்த ஜில்லென்ற தயிர்க் கலவையில், கொதிக்கக் கொதிக்கக் கடல்பாசியை ஊற்றினேன். கரண்டி போட்டு ஒரு சுற்று சுற்றுவதற்குள் வெள்ளை வெள்ளையாக நூல் திரிந்துவிட்டது. கடல்பாசி சுமார் 40 டிகிரிக்குக் கீழே வந்தாலே உறைய ஆரம்பிக்கும், குளிர்ந்த தயிர் பட்ட இடத்தில் அங்கங்கேயே உறைந்து நின்றுவிட்டது. ஆச்சி எட்டிப் பார்த்தாள். “இடியாப்பம் நல்லா வந்துருக்குல” என்றாள். நானும் என் மனைவியும் இரண்டு நாள் அந்த இடியாப்பத்தைத் தின்றோம்.

இரண்டாவது தடவை கலவையை வெளியே வைத்து, ஜில் போன பிறகு கலந்தேன். அழகாக உறைந்தது. வெள்ளை அடுக்கு நன்றாக இறுகட்டும் என்று மூன்று மணி நேரம் பிரிட்ஜில் வைத்து, அதற்கு அப்புறம் காபி அடுக்கை ஊற்றினேன். வெட்டும்போது மேலடுக்கு தனியாக வழுக்கிக்கொண்டு தட்டுக்கு வெளியே போய்விட்டது. ஈரத் தரையில் சோப்பு போகுமே, அப்படி. காபியும் சரியில்லை. ஆச்சியிடம் கேட்கப் பயந்து இன்ஸ்டன்ட் பொடியைக் கரைத்து ஊற்றியிருந்தேன். திருவனந்தபுரம் மிட்டாய்க்கு இது ஒன்றுவிட்ட தம்பி.

அடுக்கு வழுக்கியதற்கு வைத்தியம் மேலப்பாளையத்தில் கிடைத்தது. என்னோடு கல்லூரியில் படித்த நண்பன் வீட்டில் நோன்புக் காலத்தில் கடல்பாசி இல்லாமல் நோன்பு திறக்கமாட்டார்கள். பால், ரோஸ்மில்க், இளநீர் என்று மூன்று அடுக்கு போடுவார்கள், ஒன்றுகூடப் பிரியாது. அவனுடைய உம்மாவிடம் போய்க் கேட்டேன். “ஏன்ய்யா, அது முழுசா எறுகுறதுக்கு விட்டா பொறவு எப்படி ஒட்டும்? விரல வச்சா லேசா ஒட்டணும், பள்ளம் விழக் கூடாது. அப்ப ஊத்து. நேரா ஊத்தாத, கரண்டிய கவுத்துப் புடிச்சு அதுமேல ஊத்து” என்றார்கள். இத்தனை நாள் யூடியூபில் தேடியது நாலு வரியில் முடிந்தது.

ஆக, டிகாக்‌ஷன். ஆச்சி உடனே மாட்டேன் என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“சீனி போட்டா செய்யப்போற?”

“ஆமா ஆச்சி.”

“அப்பம் கெடையாது. சவத்த, சீனியப் போட்டு அத நாசமாக்காத. கருப்பட்டி போடுறதா இருந்தா தாரேன்.”

தாத்தா இருந்தவரைக்கும் இந்த வீட்டில் கருப்பட்டிக் காபிதான். டின்னில் உடன்குடிக் கருப்பட்டி இருந்தது. 130 கிராமைத் தட்டி, கால் டம்ளர் தண்ணீரில் உருக்கி வடிகட்டினேன். வடிகட்டாமல் ஊற்றிவிடாதீர்கள், அடியில் எப்படியும் ஒரு சிட்டிகை மண் நிற்கும். பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள் இல்லையா, கருப்பட்டிக்கு என்று ஒரு லேசான உவர்ப்பு உண்டு. கசப்புக் காபியோடு அது சேரும்போது சீனிக்கு வராத ஒரு ஆழம் வந்துவிடுகிறது. ஆச்சிக்கு இதெல்லாம் சொல்லத் தெரியாது, சரியாகத் தெரியும்.

டிகாக்‌ஷனில் ஒரு சிக்கல் உண்டு. கேக்குக்குள் தண்ணீர் அதிகம் போகக் கூடாது, காபியோ பலமாக இருக்க வேண்டும். பால்கொழுப்பு காபியின் கசப்பை அமுக்கிவிடும், குளிர்ச்சியும் ருசியை மட்டுப்படுத்தும். அதனால் டம்ளரில் குடிக்க முடியாத அளவு கெட்டியாக வேண்டும். ஆறு மேசைக்கரண்டி பொடிக்கு 150 மில்லி கொதிநீர்தான் ஊற்றினாள் ஆச்சி. அதில் பாதியைப் பொடியே குடித்துவிட்டது. ஒரு மணி நேரம் கழித்துக் கீழே 70 மில்லி, விளக்கெண்ணெய் நிறத்துக்கும் கருப்புக்கும் நடுவில் ஏதோ ஒரு நிறத்தில். எங்கள் பொடியில் சிக்கரி ஐந்தில் ஒரு பங்கு. சுத்தக் காபிதான் உசத்தி என்கிறவர்கள் மன்னிக்கவும், இந்த அடுக்குக்கு அந்த நிறமும் கனமும் சிக்கரியால்தான் வந்தது.

அடித்தளத்துக்கு மேரி பிஸ்கட் 150 கிராம். அதுவும் ஆச்சியின் டப்பாவிலிருந்துதான், நாலு மணிக் காபிக்கு அவள் வைத்திருப்பது. பொடித்து, 70 கிராம் வெண்ணெயை உருக்கி ஊற்றிப் பிசறி, பக்கம் கழற்றுகிற 7 அங்குல டின்னில் டம்ளர் அடியால் அழுத்தினேன். கலவையை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் பொடித்த சீனி 90 கிராம், ஒன்றில் ஆறிய கருப்பட்டிப் பாகும் டிகாக்‌ஷனும். வாயில் வைத்துப் பார்க்கும்போது இனிப்பு ஒரு சொட்டுத் தூக்கலாகத் தெரிய வேண்டும், குளிர்ந்தால் அது சரியாகிவிடும். ஒவ்வொரு அடுக்குக்கும் 4 கிராம் கடல்பாசி, அரை மணி ஊறவைத்து, அரை டம்ளர் தண்ணீரில் கண்ணாடியாகும்வரை கொதிக்கவிட்டு வடிகட்டியது. அந்தந்த அடுக்கை ஊற்றுவதற்குச் சற்று முன்னால்தான் காய்ச்ச வேண்டும். வெள்ளையை ஊற்றியபின் டின் பக்கத்திலேயே உட்கார்ந்து இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் விரலை வைத்துப் பார்த்தேன். பத்து நிமிடம் போல ஆயிற்று. விரல் லேசாக ஒட்டியது, பள்ளம் விழவில்லை. கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்துக் காபியை ஊற்றினேன்.

அன்று காலை வீட்டில் எல்லோருக்கும் இரண்டாம் டிகாக்‌ஷன் காபி. அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்துவிட்டு வெட்டினேன். அடுக்கு பிரியவில்லை. அடியில் பிஸ்கட், நடுவில் வெள்ளை, மேலே கருப்பட்டி நிறத்தில் காபி, மூன்றும் கோடு கிழித்த மாதிரி நின்றன. என் மனைவி முதல் துண்டைச் சாப்பிட்டுவிட்டு இரண்டாவது துண்டை அவளே வெட்டிக்கொண்டாள். அதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை.

ஆச்சி மேலடுக்கை மட்டும் ஸ்பூனால் வழித்துச் சாப்பிட்டாள். வெள்ளையைப் பாதி சாப்பிட்டாள். பிஸ்கட் அடுக்கு தட்டில் அப்படியே இருந்தது. பல்லுக்குக் கடினமாக இருக்கிறதோ என்று எழுந்து போனேன்.

“இரு, இரு,” என்றாள். பக்கத்தில் இருந்த காபி டம்ளரை இழுத்து, அந்தப் பிஸ்கட் கட்டியை இரண்டு விரலால் எடுத்து உள்ளே முக்கினாள்.