டீக்கடை ரேடியோவின் கரகரப்பு

ஐப்பசி பிறந்துவிட்டால் பெருமாள்மலையில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். துணி காயாது, தீப்பெட்டி நமுத்துப்போகும். ரேடியோக்களின் வால்யூம் கன்ட்ரோலும் அப்போதுதான் கரகரக்க ஆரம்பிக்கும்.

போன வாரம் டீக்கடை அக்கா தன் செட்டைக் கொண்டுவந்தார். விடிந்ததிலிருந்து கடை சாத்தும் வரை கோடை பண்பலை 100.5 ஓடும் செட். "திருப்பினா ஒண்ணு வாயை மூடிக்குது, இல்லேன்னா கத்துது தம்பி. புதுசு போட்டுடு" என்றார்.

பார்க்காமல் புதிது போட எனக்கு மனம் வராது. வால்யூம் கன்ட்ரோல் என்கிற அந்தச் சின்னத் தகர டப்பிக்குள் லாட வடிவில் ஒரு கரிப்பூச்சு இருக்கும். வெளியே நீட்டும் மூன்று கால்களில், அதன் இரண்டு முனைகளும்தான் ஓரக் கால்கள். பூச்சின் மேல் உரசி நகரும் உலோக நாக்கு நடுக்கால். ஓரக் கால்களில் மின்தடை அளக்கும் மீட்டர் வைத்தால், குமிழை எப்படித் திருப்பினாலும் ரீடிங் மாறாது. நடுக்காலோடு ஒரு ஓரக்காலை அளந்தால்தான் மாறும். சிக்னல் ஒரு ஓரத்தில் நுழைகிறது, மறு ஓரம் கிரவுண்ட். நாக்கு நிற்கும் இடத்துக்கு எவ்வளவு பங்கோ, அதை மட்டும் ஆம்பிளிஃபயருக்குக் கொடுக்கிறது.

முள் மீட்டர் வைத்து மெல்லத் திருப்பினேன். முள் சீராக ஏறாமல் இரண்டு இடத்தில் துள்ளியது. அங்கே அழுக்கும் ஈரமும் சேர்ந்து நாக்கு பூச்சைத் தொடவே விடவில்லை. கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு விட்டு, முப்பது தடவை இப்படியும் அப்படியும் திருப்பினேன். சரியாகிவிட்டது. உப்புத்தாள் மட்டும் போட்டுத் தேய்க்காதீர்கள், பூச்சே போய்விடும்.

பூச்சு தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். அப்போது கன்ட்ரோலின் மேல் போட்டிருக்கும் எழுத்தைப் பாருங்கள். முன்பு ஒரு கோயில் ஆம்பிளிஃபயரில் ஏ100கே இருந்த இடத்தில் பி100கே போட்டுவிட்டேன். இரண்டும் 100 கிலோ ஓம், அளவு ஒன்றுதானே என்று நினைத்தேன். மார்கழி விடியலில் பூசாரி குமிழைக் கொஞ்சம் திருப்பியதுமே ஸ்பீக்கர் அலறி, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை வீறிட்டு அழுததாம். அன்றே போய் மாற்றிக் கொடுத்தேன். பி என்பது லீனியர், அதாவது சீராக ஏறுவது, பாதி திருப்பினால் 50 கிலோ ஓம். ஏ என்பது லாக் (லாகரிதமிக்), அதாவது முதலில் மெல்ல ஏறிப் பிறகு வேகமெடுப்பது, பாதியில் 10, 15 கிலோ ஓம்தான் வரும். வோல்டேஜ் பாதியாகக் குறைந்தாலும் காதுக்குச் சத்தம் பாதியாகத் தெரியாது. அதனால்தான் வால்யூமுக்கு லாக். சில பழைய ஐரோப்பிய செட்டுகளில் இந்த எழுத்து மாறியிருக்கும், அளந்து பார்ப்பதே நல்லது.

செட்டை வாங்கிப்போக அக்காவின் மகன் வந்தான். ஐடிஐ படிக்கிறான். 12 வோல்ட், 6 வாட் பல்பை மங்கலாக்க இதே கன்ட்ரோல் போதுமா அண்ணே என்றான். போதாது. அந்த பல்ப் அரை ஆம்பியர் இழுக்கும், கால் வாட் கூடத் தாங்காத கரிப்பூச்சு புகைந்துவிடும். பீங்கான் மேல் கம்பி சுற்றிய, கரன்டைக் கூட்டிக் குறைக்கும் 50 ஓம் ரியோஸ்டாட் ஒன்று அலமாரியில் கிடந்தது, எடுத்துக் கொடுத்தேன். இதற்கு நடுக்காலும் ஒரு ஓரக்காலும் போதும். அப்புறம், மிஞ்சும் காலை நடுக்காலோடு சேர்த்துப் பற்றவைக்கச் சொன்னேன். நாக்கு எப்போதாவது தொடாமல் போனாலும் சர்க்யூட் அறுந்துபோகாது, முழு 50 ஓமும் நடுவில் நிற்கும்.