மாலை ஆறு மணிக்குக் கவலை

மோட்டார் விஷயம் இந்நேரம் தெரு முழுக்கத் தெரிஞ்சிருக்கும். கீழ்வீட்டு ஆன்ட்டி வாய் வழியா போயிருந்தா, எங்க மொட்டை மாடியிலிருந்து குற்றாலமே இறங்கினதாத்தான் போயிருக்கும். அதனால நானே எழுதிடறேன்.

எங்க வீட்டுக்காரரைப் பத்தி உங்களுக்குப் புதுசா சொல்ல ஒண்ணுமில்ல. பெரியவன் போனை எடுக்கலைன்னா முதல் நிமிஷம் "மீட்டிங்ல இருப்பான்". ரெண்டாவது நிமிஷம் பெங்களூர் டிராஃபிக் எல்லாம் மாட்டிக்கிற சில்க் போர்டு சிக்னல். மூணாவது நிமிஷம் ஆஸ்பத்திரி. நாலாவது நிமிஷம் ஊர்ல இருந்து யார் யார் வருவாங்க, எங்கே படுக்க வைக்கிறதுன்னு பாய் எண்ண ஆரம்பிச்சிடுவார். அஞ்சாவது நிமிஷம் பையனே கூப்பிட்டு, "என்னப்பா, பாத்ரூம் போயிருந்தேன்"னு சொல்லுவான். அதோட நிம்மதியாகணுமா இல்லையா? "இவ்வளவு நேரம் பாத்ரூம்ல இருந்தா மேனேஜர் என்ன நினைப்பாரு?"ன்னு அடுத்ததுக்குப் போயிடுவார்.

பேக்டரியில குவாலிட்டி இன்ஸ்பெக்ஷன்ல இருந்தவர் இல்லையா. நூறு போல்ட் சரியா இருந்தாலும் நூத்தியொண்ணாவதுல விரிசல் தேடறதுக்குத்தான் சம்பளம். ரிட்டையர் ஆன அன்னிக்கு அளவு பார்க்கிற வெர்னியரைத் திருப்பி வாங்கிக்கிட்டாங்க, அந்தப் பார்வையை வாங்கிக்க மறந்துட்டாங்க. எதிர்ல இருக்கிற தூங்குமூஞ்சி மரம் கோடை மழையில எந்தப் பக்கம் சாயும்னு கணக்குப் போட்டு வச்சிருக்கார். சாஞ்சா முதல்ல போறது இஸ்திரிக்காரர் வண்டியாம். பாவம் அந்த மனுஷன், இவர் பேச்சைக் கேட்டுக்கேட்டு வண்டியை ரெண்டு தடவை இடம் மாத்திட்டார். நவம்பர்ல பென்ஷனுக்குக் குடுக்கிற லைஃப் சர்டிஃபிகேட்டுக்கு ஆகஸ்ட்லயே கட்டைவிரலை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துக்கிட்டு இருப்பார், ரேகை தேஞ்சிருக்கான்னு. "மெஷின் என்னைத் தெரியலைன்னு சொல்லிட்டா நான் உயிரோட இருக்கேன்னு யாருகிட்டப் போய் நிரூபிக்கிறது?" கேள்வி நியாயம்தான். ஆனா ராத்திரி பதினோரு மணிக்குக் கேட்டா நான் என்ன பதில் சொல்லட்டும்?

என் மாமியார் இருந்தவரைக்கும் இதுக்கு ஒரே வைத்தியம்தான். "வாயைக் கழுவுடா!" இவரும் நிஜமாவே எழுந்து போய்க் கொப்பளிச்சிட்டு வந்து விட்ட இடத்துலேருந்து ஆரம்பிப்பார். இப்போ அந்த வேலையை வாட்ஸ்அப் செய்யுது. விடியக்காலையில ஒரு ரோஜாப்பூ, அதுக்குக் கீழே "எதிர்மறை எண்ணங்களை விரட்டுங்கள்". தெருநாயை விரட்டிப் பார்த்திருக்கீங்களா? கேட் வரைக்கும் போய் நின்னு திரும்பிப் பார்க்கும். நாம உள்ளே வந்தா அதுவும் கூடவே வரும்.

இது எங்க வீட்டுக் கண்டுபிடிப்பு இல்ல. 1987-ல டேனியல் வெக்னர்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் காலேஜ் பசங்களை உட்கார வச்சு, "அஞ்சு நிமிஷம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீங்க, நினைப்பு வந்தா மணி அடிங்க"ன்னு சொல்லியிருக்கார். மணிச் சத்தம் ஓயலையாம். அப்புறம் "சரி, இப்போ நினைச்சுக்கலாம்"னு விட்டதும், அடக்கி வச்சிருந்த பசங்களுக்குத்தான் கரடி இன்னும் ஜாஸ்தியா வந்திருக்கு. பெரியவன் இதைப் படிச்சிட்டு வந்து சொன்னப்போ, இவர் பேப்பர்லேருந்து தலையைத் தூக்காம, "குரங்கை நினைக்காம மருந்து குடின்னு சொன்னாரே எங்க ஊர் வைத்தியர், அவரு மணி வாங்கல. அதான் பேர் வரல"ன்னார்.

வழி காட்டினது அல்சூர் ஏரிக்கரையில எங்களோட நடக்கிற சிஸ்டர். நிமான்ஸ் ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவங்க. பெங்களூர்ல வளர்ந்தவங்களுக்கு அந்தப் பேர் காதுல விழுந்தாலே ஒரு திடுக். ஸ்கூல்ல சண்டை வந்தா "நிமான்ஸுக்குப் போடா"ன்னுதான் திட்டிக்குவாங்க. 1974-ல பழைய மனநல ஆஸ்பத்திரியையும் அதுக்குப் பக்கத்துல இருந்த படிப்பு நிலையத்தையும் ஒண்ணாக்கி ஆரம்பிச்ச இடம் அது. வலிப்பு, பக்கவாதம், தலையில அடின்னு வர்றவங்களும் அங்கேதான் போறாங்க. எடுத்துச் சொன்னா யார் கேக்கறா? சிஸ்டர் வந்தா இவர் நாலடி முன்னால வேகமா நடப்பார். பேச்சு குடுத்தா கண்டுபிடிச்சிடுவாங்களோன்னு பயம்.

கண்டுபிடிச்சிட்டாங்க. முன்னால நடக்கிறதை வச்சே கண்டுபிடிச்சிட்டாங்க.

"சார், கவலையை நிறுத்தச் சொல்லல. ஒத்திப் போடுங்க"ன்னாங்க. தினம் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி. பகல்ல கவலை வந்தா ஒரு வரி எழுதி வச்சிட்டு, "உனக்கு ஆறு மணிக்கு அப்பாயின்ட்மென்ட்"னு அனுப்பிடணும். ஆறு மணிக்கு உட்கார்ந்து ஆசை தீரக் கவலைப்படலாம். படுக்கப் போற நேரத்துல மட்டும் வேண்டாம். 1983-லயே தாமஸ் போர்கவெக்ங்கற ஆராய்ச்சியாளரும் அவர் கூட்டாளிகளும் செஞ்சு பார்த்து எழுதின முறையாம். அதோட சிஸ்டர் இன்னும் ரெண்டு விஷயம் சொன்னாங்க. வாரக்கணக்குல தூக்கமில்ல, சோறு இறங்கலைன்னா நோட்டுப்புத்தகத்தை நம்பி உட்காரக் கூடாது, 14416-க்குப் போன் போடணும், டெலி மானஸ்னு மனநலத்துக்கான அரசாங்க லைன், தமிழ்லயும் பேசுவாங்க, காசு கிடையாதுன்னு ஒண்ணு. இன்னொண்ணு, இதுதான் முக்கியம், கையோட செஞ்சு முடிக்கக் கூடிய விஷயத்தை ஒத்திப் போடாதீங்க, எழுந்து போய்ச் செஞ்சிடுங்க, உங்க கையில இல்லாததுக்குத்தான் நோட்டு.

இந்த ரெண்டாவதைச் சொல்றப்போ சுண்டல்காரர் வந்துட்டார். இவர் சில்லறை தேடப் போயிட்டார்.

வந்ததும் புது நோட்டு, சிவப்பும் நீலமுமா ரெண்டு முனை பென்சில். முதல் பக்கத்துல 14416, அதுக்குக் கீழே கேஸ் ஏஜென்சி நம்பர். பெரியவன் வேற தன் பங்குக்கு ஒரு தாளை பிரின்ட் போட்டுக் குடுத்தான். ஆரோன் பெக்னு ஒரு டாக்டர், 1960-கள்ல பிலடெல்பியாவுல, மனச்சோர்வுல வந்தவங்க மனசுல நினைப்பு தானா ஓடறதைக் கவனிச்சு ஆரம்பிச்ச சிகிச்சையில வந்த தாள். எண்ணம் என்ன, அதுக்கு ஆதரவா என்ன சாட்சி, எதிரா என்ன சாட்சி, கடைசியில நிதானமான முடிவு, இப்படிக் கட்டம் கட்டமா. பெக் 100 வயசு இருந்து 2021-லதான் போனார்னு பையன் சொன்னதும் இவருக்கு மரியாதை பிறந்துடுச்சு. "அடுத்தவன் கவலையைப் பார்த்தே நூறு வயசு இருந்திருக்கான்!"

இவருக்குக் கட்டம் போட்ட தாளைக் குடுத்தது குரங்குக்கு வாழைத் தோப்பையே எழுதி வச்ச கதை. பேக்டரி ஞாபகம் வந்துடுச்சு. ஒவ்வொரு கவலைக்கும் வரிசை எண். ஓரத்துல "ஓகே", "ரீவொர்க்", "ரிஜெக்ட்". தூங்குமூஞ்சி மரம் ரீவொர்க். கட்டைவிரல் ரேகை ரிஜெக்ட், அதாவது கவலை நிராகரிக்கப்பட்டது. பொய் சொல்லக் கூடாது, ஆள் மாறிட்டார். பகல்ல பேச்சில்ல, புலம்பல் இல்ல. ஆறு அடிச்சா பால்கனி ஒயர் சேர்ல கால் மேல கால் போட்டுக் கவலைப்படறது, ஆறரைக்கு நோட்டை மூடிட்டு "சாம்பாரா ரசமா?".

அன்னிக்கு காவேரி தண்ணி வர்ற நாள். நான் பஜார்ல கீரை வாங்கப் போயிருந்தேன். சம்ப்ல தண்ணி நிரம்பினதும் அஞ்சேகாலுக்கு மோட்டாரைப் போட்டிருக்கார். மீதியை நோட்டு சொல்லட்டும், வார்த்தைக்கு வார்த்தை அப்படியே:

"மாலை 5.40. மோட்டாரை நிறுத்தினேனா? 6 மணிக்கு யோசிக்கவும்."

அதாவது எழுந்து உள்ளே பத்தடி நடந்தா சுவிட்ச். எழுந்திருக்கலை. கவலைக்கு அடிபணியக் கூடாதாம். ஆறு மணிக்கு விசாரணை. எண்ணம்: தொட்டி வழிகிறது. பதற்றம்: 70 சதவீதம். ஆதரவான சாட்சி: மேலே தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது. எதிரான சாட்சி: நான் எப்போதும் நிறுத்திவிடுவேன், 41 வருட சர்வீசில் ஒரு மெமோ கிடையாது. நிதானமான முடிவு: இது வெறும் எண்ணம். எண்ணம் எல்லாம் உண்மை ஆகாது. பதற்றம் இப்போது: 20 சதவீதம்.

ஓரத்துல நீலப் பென்சில்ல "ஓகே". டிக் வேற.

அந்த டிக்கைப் போடறப்போதான் கீழேயிருந்து ஆன்ட்டி, "ரீ! நீரு ஹோக்தாயிதே ரீ! மோட்டார் ஆஃப் மாடி!"ன்னு கன்னடத்துல கத்தியிருக்காங்க, தண்ணி போகுது, மோட்டாரை நிறுத்துங்கன்னு. நான் கீரைக்கட்டோட வர்றேன், மாடிப்படியில தண்ணி எனக்கு எதிர்த்தாப்புல இறங்கி வருது. அது கூடவே ஆன்ட்டி மாடியில காயப் போட்டிருந்த அரிசி சண்டிகெ, அதான் நம்ம வடாம், ஒவ்வொரு படியிலயும் நின்னு நிதானமா வந்துது. இவர் மேலே கணுக்கால் தண்ணியில வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு, முகத்துல அப்படி ஒரு அமைதி.

ஆன்ட்டிதான் எங்க வீட்டு ஓனர் வேற, சும்மா விடுவாங்களா? காவேரி தண்ணியை வீணாக்கினா 5,000 ரூபாய் அபராதம் தெரியுமான்னு கேட்டாங்க. தப்பான ஆள்கிட்ட கேட்டுட்டாங்க. 2024 மார்ச்ல ஊர்ல போர்வெல் எல்லாம் வறண்டப்போ அந்த உத்தரவு வந்த பேப்பர் கட்டிங் இவர் பைல்ல பத்திரமா இருக்கு. எடுத்துட்டு வந்து ஈரக்கையோட படிச்சுக் காட்டினார். கார் கழுவறது இருக்கு, தோட்டத்துக்கு விடறது இருக்கு, கட்டட வேலை இருக்கு, செயற்கை நீரூற்று இருக்கு. "தொட்டி வழியறது இதுல எங்கே இருக்கு, காட்டுங்க." ஆன்ட்டி கொஞ்ச நேரம் இவரையே பார்த்தாங்க. அப்புறம் என்னைப் பார்த்து, "சண்டிகெக்கு புதுசா மாவு காய்ச்சிக் குடுத்துடுங்க"ன்னாங்க. காய்ச்சினது யாருன்னு கேட்காதீங்க. இன்னும் முழங்கை வலிக்குது.

ஆனா என் புலம்பல் மாவு இல்ல.

இத்தனை வருஷம் இவர் கவலைப்பட்டுக்கிட்டு இருந்தவரைக்கும் நான் நிம்மதியா இருந்திருக்கேன். அது இப்பதான் உறைக்குது. "ஒண்ணும் ஆகாது, சும்மா இருங்க"ன்னு சொல்ற வேலை என்னோடது. கேஸ் மூடினமா, பூட்டு ஒழுங்கா விழுந்துச்சா, கோயமுத்தூர்ல பாப்பா ஏன் குரல் ஒரு மாதிரியா பேசினா, எல்லாத்துக்கும் ஒருத்தர் இருந்தார். இப்போ அவர் ஆறரைக்கு நோட்டை மூடிடறார். மீதி இருபத்திமூணரை மணி நேரத்துக்கு வீட்ல யாராவது கவலைப்பட்டாகணுமே. போன வாரம் தூங்குமூஞ்சி மரத்தை நான் அண்ணாந்து பார்த்துக்கிட்டு நிக்கிறேன். இஸ்திரிக்காரர் பதறிப் போய், "அம்மா, நீங்களுமா?"ங்கறார்.

நேத்து ராத்திரி பெரியவன் வரல. பதினொண்ணு. போன் ஸ்விட்ச் ஆஃப். இவரை எழுப்பினா, "நோட்ல எழுதி வை, நாளைக்கு ஆறு மணிக்குப் பார்க்கலாம்"னு திரும்பிப் படுத்துட்டார். குறட்டை வேற. எனக்கு வந்த கோபத்துல நோட்டைக் கிழிச்சு அடுப்புல போட்டிருப்பேன். கீழே இறங்கிப் போய் கேட்ல நின்னேன். தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல. மெயின் ரோட்ல ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் வயித்துல புளியைக் கரைக்குது.

கொஞ்ச நேரத்துல பின்னால செருப்புச் சத்தம். மங்கி குல்லா போட்டுக்கிட்டு, என் ஸ்வெட்டரைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறார்.

"உங்க டைம் ஆறு மணிதானே?"ன்னு கேட்டேன்.

"எங்கே போயிட்டே நீ இப்போ?"

"ஆஸ்பத்திரிக்கு."

"எடுத்த உடனேயா? அப்படியெல்லாம் தாவக் கூடாது. முதல்ல மீட்டிங். அங்கே கொஞ்ச நேரம் இரு. அப்புறம் பெட்ரோல் பங்க். பங்க்ல கூட்டம். அதுக்கப்புறம்தான் சில்க் போர்டு. சில்க் போர்டுலயே அரை மணி நேரம் ஓட்டலாம், ஜாம்தானே." ஸ்வெட்டரை என் தோள் மேல போட்டார். "நாப்பது வருஷ அனுபவம். நான் சொல்றபடி வா."

ரெண்டு பேருமா பெட்ரோல் பங்க்ல நின்னோம். சில்க் போர்டுக்கு வந்தோம். அங்கே சிக்னல் விழாம நின்னுக்கிட்டு இருக்கறப்போ பெரியவன் வண்டி தெருமுனையில திரும்பிச்சு. சார்ஜ் போயிடுச்சாம். ஆபீஸ்ல யாருக்கோ ப்ரோமோஷன், ட்ரீட்டாம், வயிறு முட்ட பிரியாணியாம். "ஏன் ரெண்டு பேரும் கேட்ல நிக்கறீங்க?"ன்னான்.

"காத்து வாங்கறோம்"னார் இவர்.

அவனுக்காக எடுத்து வச்ச நாலு சப்பாத்தியும் குருமாவும் அப்படியே கிடக்கு. வெளியில சாப்பிடறதா இருந்தா பக்கத்துல இருக்கிறவன் போனை வாங்கி ஒரு வார்த்தை சொல்ல முடியாதா இந்தப் பசங்களால?