ஒரே இரவில் நாற்பது மோட்

கணினி விளையாட்டை மாற்றி அமைக்க ரசிகர்கள் எழுதித் தரும் கூடுதல் ஃபைல்கள்தான் மோட். முதல் தடவை அதைப் போட்டபோது என் ஸ்கைரிம் விளையாட்டு மூன்று விநாடிதான் ஓடியது. திரை கருத்தது, சின்னம் எட்டிப் பார்த்தது, அவ்வளவுதான், மறுபடி டெஸ்க்டாப். பிழைச் செய்தி ஒன்றாவது வந்திருந்தால் அதை வைத்துத் தேடியிருக்கலாம். அதுவும் இல்லை.

நான் வைத்திருந்தது 2016-ல் வந்த ஸ்பெஷல் எடிஷன். 2011-ல் வந்த மூல விளையாட்டை 64 பிட்டுக்கு மாற்றி வெளியிட்ட பதிப்பு. இதற்கு நெக்ஸஸ் தளத்தில் மட்டும் பல்லாயிரக்கணக்கில் மோட்கள் கிடக்கின்றன. மரங்களை அடர்த்தியாக்க ஒன்று, முகங்களைத் திருத்த ஒன்று, புதிய வாள், புதிய வானிலை, குதிரைக்குப் புதிய சேணம். பந்தியில் கண்டதையெல்லாம் இலையில் வாங்கிக்கொள்கிறவனைப் போல ஒரே இரவில் ஏறக்குறைய நாற்பதை இறக்கினேன். ஒவ்வொரு ஜிப்பையும் பிரித்து, உள்ளே இருந்ததை விளையாட்டின் டேட்டா ஃபோல்டருக்குள் அப்படியே கொட்டினேன். "இதே பெயரில் ஃபைல் இருக்கிறது, மாற்றவா?" என்று விண்டோஸ் கேட்டபோதெல்லாம் ஆமாம், எல்லாவற்றையும் மாற்று என்றேன். தவறு நடந்த இடம் அதுதான். எந்த ஃபைல் எந்த மோடிலிருந்து வந்தது, எது எதை அழித்தது என்று அதற்குப் பிறகு யாராலும் சொல்ல முடியாது, நான் உட்பட.

சரி, விளையாட்டை வாங்கி நிறுவும் ஸ்டீம் மென்பொருளில் ஃபைல்களைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறதே, அதைக் கொடுத்தால் பழைய நிலைக்கு வந்துவிடும் என்று நினைத்தேன். கொடுத்தேன். சில ஃபைல்களைத் திரும்ப இறக்கியது. விளையாட்டு மறுபடி அதே மூன்றாவது விநாடியில் விழுந்தது. அந்தச் சரிபார்ப்பு தன் பட்டியலில் உள்ள ஃபைல்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று மட்டும்தான் பார்க்கும். நான் கூடுதலாகப் போட்டவை அதன் பட்டியலிலேயே இல்லை, அதனால் அவற்றைத் தொடாது. விளையாட்டை முழுதாக நீக்கிப் பார்த்தேன். அதிலும் இதே கதை. ஸ்டீம் தான் வைத்ததை எடுத்துக்கொண்டு போனது, நான் வைத்தது ஃபோல்டரில் பத்திரமாக இருந்தது. திரும்ப நிறுவியதும் பழைய குப்பையின் மேலேயே புது வீடு எழுந்தது. கடைசியில் விளையாட்டின் ஃபோல்டரைக் கையால் அழித்து, டாக்குமென்ட்ஸுக்குள் மை கேம்ஸ் ஃபோல்டரில் இருந்த ஐஎன்ஐ அமைப்பு ஃபைல்களையும் தூக்கிய பிறகுதான் சுத்தமான ஸ்கைரிம் ஓடியது. சேவ் ஃபைல்களும் அதே இடத்தில்தான் இருக்கும், அவற்றை முதலில் வேறு இடத்துக்கு நகலெடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அப்போது சேவ் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாததால் தப்பித்தேன்.

இரண்டாவது முறை மோடைத் தொடுவதற்கு முன்பே ஒரு முழு மாலை போனது. விளையாட்டை புரோகிராம் ஃபைல்ஸுக்குள் நிறுவாமல், வேறு டிரைவில் தனி ஸ்டீம் லைப்ரரி உண்டாக்கி அதில் நிறுவினேன். புரோகிராம் ஃபைல்ஸில் மற்ற மென்பொருள்கள் கைவைப்பதை விண்டோஸ் கட்டுப்படுத்தும், மோட் கருவிகள் அங்கே தடுமாறுவது பழைய பிரச்சினை. பிறகு எந்த மோடும் இல்லாமல் ஒரு முறை விளையாட்டைத் திறந்து மூடினேன். ஐஎன்ஐ ஃபைல்கள் அப்போதுதான் புதிதாக உருவாகும், வெறும் விளையாட்டு ஒழுங்காக ஓடுகிறது என்பதும் தெரிந்துவிடும். ஸ்டீமில் அப்டேட் அமைப்பையும் மாற்றினேன்: நான் திறக்கும்போது மட்டும் அப்டேட் செய். இது ஏன் என்று கீழே வருகிறேன்.

அடுத்து மோட்களைப் போட்டு எடுக்க உதவும் மோட் மேனேஜர். வோர்டெக்ஸ், மோட் ஆர்கனைசர் 2 என்று இரண்டு பெயர்கள் அதிகம் அடிபடுகின்றன. நான் பின்னதை எடுத்தேன். அதன் சூட்சுமம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒவ்வொரு மோடையும் தனித்தனி ஃபோல்டரில் வைத்துக்கொள்ளும், டேட்டா ஃபோல்டருக்குள் எதையும் போடாது. விளையாட்டைத் திறக்கும் நேரத்தில் மட்டும், எல்லா மோடும் டேட்டா ஃபோல்டருக்குள்ளேயே இருப்பதுபோல விளையாட்டுக்கு ஒரு தோற்றத்தைக் காட்டும். மூடியதும் தோற்றம் கலைந்துவிடும். ஒரு மோட் வேண்டாம் என்றால் டிக்கை எடுத்தால் போதும். வோர்டெக்ஸ் ஹார்ட் லிங்க் என்ற முறையில் ஃபைல்களை டேட்டா ஃபோல்டரில் இணைத்து வைக்கிறது, எதை வைத்தோம் என்று கணக்கும் வைத்துக்கொள்கிறது. அதுவும் பழுதில்லாத வழிதான். எது சிறந்தது என்று சண்டை போடுகிறவர்கள் போடட்டும். கையால் கொட்டியவனுக்கு இரண்டுமே சொர்க்கம்.

முதலில் போட வேண்டியிருந்தது எஸ்கேஎஸ்இ என்ற ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர். விளையாட்டின் ஸ்கிரிப்ட் மொழியில் இல்லாத வசதிகளை இது சேர்க்கிறது, பெரிய மோட்களில் பல இதை நம்பி இருக்கின்றன. இது விளையாட்டை ஓட்டும் எக்ஸ்இ ஃபைலோடு நேரடியாகப் பேசுவதால், அந்த எக்ஸ்இயின் பதிப்பு எண்ணுக்கு ஏற்றதைத்தான் போட வேண்டும். 1.5.97-க்கு ஒன்று, 1.6 வரிசையில் வந்த பதிப்புகளுக்கு வேறு. எண்ணைத் தெரிந்துகொள்ள எக்ஸ்இ ஃபைலின் ப்ராப்பர்டீஸைத் திறந்து பார்த்தால் போதும். 2021 நவம்பரில் ஆனிவர்சரி எடிஷன் வந்தபோது விளையாட்டின் எக்ஸ்இ ஃபைலே மாறிப்போய், டிஎல்எல் என்ற நிரல் ஃபைலை வைத்து வேலை செய்த மோட்கள் எல்லாம் ஒட்டுமொத்தமாகப் படுத்தன. அவற்றை எழுதியவர்கள் ஒவ்வொருவராகப் புதுப்பிக்கும்வரை பலர் காத்திருந்தார்கள். அப்டேட் அமைப்பை மாற்றிய காரணம் இதுதான். இப்போதும் ஸ்டீமின் ப்ளே பொத்தானை நான் அழுத்துவதில்லை. மோட் ஆர்கனைசருக்குள் இருந்து எஸ்கேஎஸ்இ லோடரைத்தான் ஓட்டுகிறேன்.

டிஎல்எல் என்று சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பாதுகாப்பு என்றால் பலரும் விளையாட்டு விழாமல் இருப்பதை மட்டும் நினைக்கிறார்கள், கணினியின் பாதுகாப்பு வேறு விஷயம். கல்லின் படத்தை மாற்றும் மோடில் இருப்பது வெறும் டிடிஎஸ் படம். டிஎல்எல் இருக்கும் மோட் அப்படி அல்ல, அது உங்கள் கணினியில் ஓடும் நிரல். 2023 ஜூனில் மைன்கிராஃப்ட் மோட்கள் சிலவற்றுக்குள் ஃபிராக்சரைசர் என்ற தீநிரல் புகுந்து, கணினியில் இருந்த மற்ற ஜார் வகை நிரல் ஃபைல்களுக்கும் தொற்றி, பிரௌசரில் இருந்த கணக்கு விவரங்களைத் திருடியது. மோட் எழுதுபவர்களின் கணக்குகள் சிலவற்றைக் கைப்பற்றியும் அதை ஏற்றினார்கள். பெயர் தெரிந்த தளமாக இருந்தால் மட்டும் போதாது என்பது அன்றைக்குப் பலருக்கும் புரிந்தது.

எனக்கும் ஒரு சின்ன அனுபவம் உண்டு. தேடிக்கொண்டிருந்த ஒரு கவச மோடை அதை எழுதியவர் நீக்கிவிட்டிருந்தார். வேறொரு தளத்தில் யாரோ அதைத் திரும்ப ஏற்றியிருந்தார்கள். இறக்கிப் பார்த்தால் உள்ளே ஒரே ஒரு ஃபைல், பெயர் செட்டப், வகை எக்ஸ்இ. ஒரு கவசத்துக்கு எதற்கு செட்டப்? விண்டோஸில் ஃபைல் வகையைக் காட்டும் அமைப்பை நான் இயக்கி வைத்திருந்ததால்தான் எக்ஸ்இ என்றே தெரிந்தது, இல்லையென்றால் அதன் ஐகானைப் பார்த்து ஜிப் என்றே நம்பியிருப்பேன். வைரஸ் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பார்த்தேன், பல ஸ்கேனர்கள் சிவப்பு காட்டின. அழித்துவிட்டேன். கவசம் இல்லாமலே டிராகனைக் கொன்றாகிவிட்டது.

இனி மோட் சேர்க்கும் வேலை. ஒரு நாளைக்கு மூன்று நான்கு, அதற்கு மேல் இல்லை என்று வைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றின் விளக்கப் பக்கத்தையும் முழுதாகப் படித்தேன், முக்கியமாகத் தேவைகள் என்ற பகுதியை. ஒரு மோட் இன்னொரு மோடை மாஸ்டராக, அதாவது தனக்கு அடிப்படையாக, கேட்டு, அது இல்லாமல் போனால், மெனு வருவதற்கு முன்பே விளையாட்டு விழுந்துவிடும். என் முதல் இரவின் மூன்று விநாடிக்குக் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். மோட் ஆர்கனைசர் இதற்கு ஒரு எச்சரிக்கைக் குறி காட்டுகிறது. மோட் சேர்த்ததும் விளையாட்டைத் திறந்து, மெயின் மெனுவிலேயே கன்சோல் என்ற கட்டளைப் பெட்டியில் ஒரு வரி தட்டி நேராக ரிவர்வுட் கிராமத்தில் போய் இறங்குவேன். கொஞ்ச தூரம் நடப்பேன், ஒரு வீட்டுக்குள் போய் வெளியே வருவேன், சேவ் செய்யாமல் மூடுவேன். அப்புறம் ஒரு நோட்பேட் ஃபைலில் தேதி, மோடின் பெயர், பதிப்பு எண். இந்த ஃபைல் பிற்பாடு எனக்கு எந்தக் கருவியையும்விட அதிகம் உதவியது.

வரிசை விஷயத்தில் இரண்டு வாரம் குழம்பினேன். மோட் ஆர்கனைசரில் இடப்பக்கம் ஒரு பட்டியல், வலப்பக்கம் ஒரு பட்டியல். இரண்டிலும் கீழே இருப்பதே ஜெயிக்கும், ஆனால் ஜெயிக்கும் பொருள் வேறு வேறு. இடப்பக்கம் படம், உருவம் போன்ற ஃபைல்கள் மோதிக்கொள்ளும்போது எது நிற்கும் என்பது. வலப்பக்கம், விளையாட்டின் ஆட்கள், பொருள்கள் பற்றிய விவரங்களை வைத்திருக்கும் இஎஸ்பி போன்ற பிளகின் ஃபைல்களுக்குள் இருக்கும் பதிவுகளில் எது நிற்கும் என்பது. இதைப் படித்தபோது புரிந்ததாகத்தான் நினைத்தேன். முகங்களை மாற்றும் இரண்டு மோட்களைப் போட்ட அன்றைக்குத்தான் உண்மையிலேயே புரிந்தது. சில பெண்களுக்கு உடல் ஒரு நிறம், முகம் கரிபூசியதுபோல் இன்னொரு நிறம். பிளகின் ஒரு மோடிலிருந்தும் முகத்தின் ஃபைல் மற்ற மோடிலிருந்தும் வந்திருந்தது. இரண்டு பட்டியலிலும் ஒரே மோட் கீழே வருமாறு மாற்றியதும் கரி போய்விட்டது. வலப்பக்கத்தை வரிசைப்படுத்த லூட் என்ற கருவி உண்டு, பெரும்பாலும் சரியாகவே செய்யும். இடப்பக்கத்தை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். முழு பிளகின்கள் 254-க்கு மேல் போக முடியாது என்ற வரம்பும் இருக்கிறது, இஎஸ்எல் வகை இலகு பிளகின்களுக்குத் தனிக் கணக்கு. நான் அந்த வரம்பின் பக்கமே போகவில்லை.

இவ்வளவு கவனமாக இருந்தும் நன்றாக அடி வாங்கியது சேவ் விஷயத்தில். குளிரும் பசியும் உடலைப் பாதிக்கும்படி செய்யும் ஒரு மோடை, ஏறக்குறைய 22 மணி நேரம் விளையாடிய நிலையில் சேர்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நாளில் அலுத்துப்போய், 35-வது மணி நேரத்தில் டிக்கை எடுத்தேன். மோட் ஆர்கனைசர் டேட்டா ஃபோல்டரைச் சுத்தமாக வைத்திருக்கிறதே, பிறகென்ன என்ற தைரியம். அது சுத்தமாக வைப்பது ஃபோல்டரைத்தான். ஸ்கிரிப்ட் உள்ள மோட் தன் கணக்குகளைச் சேவுக்குள் எழுதி வைக்கிறது, மோட் போன பிறகும் அவை சேவுக்குள் இருக்கும். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு வேலை முடிந்தும் முடியாமல் நின்றது, சேவைத் திறக்கும்போது சில தடவை விழுந்தது. 40-வது மணி நேரத்தில் திறக்கவே இல்லை. ஆட்டோசேவ்கள் ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டு எல்லாமே சமீபத்தியவை. நான் கையால் போட்டு வைத்திருந்த பழைய சேவ் ஒன்றே ஒன்று, 22-வது மணி நேரத்தினுடையது. 18 மணி நேர விளையாட்டு போய்விட்டது. அன்றிலிருந்து ஸ்கிரிப்ட் உள்ள மோட் என்றால் புதுக் கதாபாத்திரம் தொடங்கும்போதுதான், நடுவில் எடுப்பது இல்லை. படம் மட்டும் மாற்றும் மோட்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது, எப்போது வேண்டுமானாலும் போட்டு எடுக்கலாம். மோட் பட்டியலைத் தொடுவதற்கு முன் சேவ் ஃபோல்டரையும் தேதி போட்டு நகலெடுக்கிறேன்.

பட்டியல் 61-ஐத் தொட்டபோது புதிதாக ஒரு தொல்லை. வைட்ரன் நகரின் வெளிவாசலை நெருங்கினால் விழும், வேறெங்கும் விழாது. நோட்பேடைப் பார்த்தேன், அன்று சேர்த்தது எதுவும் காரணமாகத் தெரியவில்லை. அதனால் பாதிப் பாதியாக அணைத்துப் பார்க்கும் வழிக்கு வந்தேன். 61-ல் பாதியை அணை, ஓட்டு. விழவில்லை என்றால் குற்றவாளி அணைத்த பாதியில். அதில் பாதியை மறுபடி போடு. ஆறு சுற்றில் ஒரே மோடில் வந்து நிற்கலாம். ஒன்றை நம்பி இருக்கும் இன்னொன்றைச் சேர்த்தே அணைக்க வேண்டும் என்பதால் எனக்கு எட்டுச் சுற்று ஆனது. இந்தச் சோதனையை அசல் சேவில் செய்யக் கூடாது, கன்சோல் வழியாகப் போய் இறங்கும் பொய்ச் சேவில்தான். குற்றவாளி நகரத்துக்கு வெளியே ஒரு வண்டியின் உருவத்தை மாற்றும் குட்டி மோட். அதன் நிஃப் எனும் உருவ ஃபைல் ஒன்று பழுது. பிறகு, விளையாட்டு விழும்போது விவரத்தைப் பதிவு செய்யும் கிராஷ் லாகர் போட்டு, வேண்டுமென்றே ஒரு தடவை விழவைத்துப் பார்த்தேன். அதன் பதிவில் அந்த நிஃப் ஃபைலின் பெயர் அப்படியே இருந்தது. எட்டுச் சுற்றுக்கும் முன்னால் அதைப் போட்டிருக்கலாம்.

பலரோடு சேர்ந்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளில் நான் எதையும் தொடுவதில்லை. அங்கே ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கும் ஆன்டி-சீட் மென்பொருள் மோடையும் ஏமாற்று நிரலையும் பிரித்துப் பார்க்கும் என்று நம்பிக் கணக்கை இழக்க மனமில்லை.

இப்போது பட்டியலில் 60 மோட்கள். இன்னொன்று, ஏரிகளின் தண்ணீரை மாற்றுவது, இறக்கி வைத்து மூன்று வாரம் ஆகிறது. அதோடு வரும் டிஎல்எல் எந்தப் பதிப்புக்கானது என்று அதன் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள், என்னுடைய எண் அதில் இல்லை. அதனால் அது ஜிப்பாகவே கிடக்கிறது.