வெக்கைக்குள் ஒரு போர்வை

"இந்த வெக்கைக்குள்ள ஆருக்குப் பிள்ளை போர்வை?" என்றார் அம்மா. ஏப்ரல் மாதம், கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி, ஃபேன் முழு வேகத்தில் சுற்றியும் கழுத்தெல்லாம் வியர்வை. கேட்டது நியாயம்தான்.

போர்வை அக்காவுக்கு. அவர் இருப்பது நுவரெலியாவில். கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே. ஜனவரி இரவுகளில் குளிர் 10 பாகைக்குக் கீழே போய்விடும். ஜனவரிக்குள் முடிக்க வேண்டுமென்றால் இப்போதே தொடங்கினால்தான் சரி. என் வேகம் எனக்குத் தெரியும்.

கொக்கி ஊசியால் நூல் பின்னும் குரோஷே எனக்குப் புதிதில்லை. 2022இல் 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன நாட்களில் மெழுகுதிரி வெளிச்சத்தில் பழகியது. அப்போது மிஞ்சிய நூல் இன்னும் ஒரு பை நிறையக் கிடக்கிறது: குங்குமச் சிவப்பு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, கத்தரிப்பூ நிறம். ஆனால் இந்தப் போர்வைக்கு நான் எடுத்த துனீசியக் குரோஷே வேறு சங்கதி. சாதாரண குரோஷேயில் ஊசியில் ஒன்றிரண்டு கண்ணிதான், அதாவது நூல் வளையம்தான், நிற்கும். இதில் வரி முழுவதையும் ஊசியில் ஏற்றிக்கொண்டே இடப்பக்கம் போய், பிறகு ஒவ்வொன்றாய்க் கழற்றிக்கொண்டு வலப்பக்கம் வர வேண்டும். பின்னலைத் திருப்பவே கூடாது. நான் இதற்குப் போக்கு, வரத்து என்று பெயர் வைத்திருக்கிறேன்.

என் பழைய ஊசி இதற்கு உதவவில்லை. பெருவிரல் வைக்க நடுவில் தட்டையாக ஓர் இடம் இருக்குமே, கண்ணிகள் அதில் வந்து சிக்கிக்கொண்டன. 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போய் நாலு கடை ஏறி இறங்கினேன். ஒருவர் ஸ்வெட்டர் பின்னும் ஊசியை நீட்டி, "இதுதான் அக்கா அது" என்று சாதித்தார். நுனியில் கொக்கியே இல்லை! கடைசியில் வாலில் குமிழ் வைத்த நீள ஊசி, 6.5 மி.மீ., ஒன்று அகப்பட்டது. வழக்கமாக இந்த நூலுக்கு 5தான் எடுப்பேன். துனீசியப் பின்னல் இறுகி விழும், அடியிலிருந்து சுருளும். அதனால் ஊசி பெரிதாக இருக்க வேண்டும். பெரிதாக எடுத்தும் கொஞ்சம் சுருளத்தான் செய்கிறது.

முதலில் ஆசைப்பட்டு முழு அகலத்துக்கும் 200 சங்கிலி, அதாவது தொடக்கக் கண்ணி, போட்டேன். பாதி கூட ஊசியில் ஏறவில்லை. சரி, துண்டு துண்டாகவே பின்னுவோம் என்று 40 கண்ணிக்கு இறங்கினேன். ஒரு துண்டு ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர். ஐந்தை இணைத்தால் போர்வை. இதில் இன்னொரு சுகம், மடியில் கிடப்பது ஒரு துண்டு மட்டும். கொழும்பில் அது பெரிய விஷயம்.

பன்னிரண்டு வரி முடிந்ததும் எண்ணிப் பார்த்தேன். 34. இடது ஓரத்துக் கடைசிக் கண்ணி பக்கவாட்டில் ஒளிந்துகொள்ளும். அதை ஆறு தடவை விட்டிருக்கிறேன். ஓரம் பட்டம் மாதிரிச் சரிந்திருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. எல்லாவற்றையும் உருவினேன். இப்போது அந்தக் கடைசிக் கண்ணியின் இரண்டு இழையையும் சேர்த்துப் பிடிக்கிறேன், அதில் ஒரு சட்டை ஊக்கும் குத்தி வைத்திருக்கிறேன்.

நிறம் மாற்றுவது வலது ஓரத்தில்: வரத்து முடிகிறபோது, ஊசியில் இரண்டு கண்ணி மிஞ்சும் இடத்தில் புது நூலை இழுக்க வேண்டும். ஒரு இரவு தூக்கக் கலக்கத்தில் இடது ஓரத்திலேயே மாற்றிவிட்டேன். சிவப்பில் போய் மஞ்சளில் வந்தாயிற்று. காலையில் பார்த்தால், நிமிர்ந்து நிற்கும் இழைகள் சிவப்பு, அவற்றின் இடுக்குகளில் மஞ்சள் எட்டிப் பார்க்கிறது. உருவுவதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மா தேத்தண்ணியோடு வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரலால் தடவிப் பார்த்தார்.

"பாய் இழைச்ச மாதிரிக் கிடக்கு. வடிவாயிருக்கு, விடு."

விட்டுவிட்டேன். இனி ஒவ்வொரு துண்டிலும் நாலு வரி வேண்டுமென்றே அப்படி வரும். இரண்டாவது துண்டுக்கு 40 சங்கிலி போட்டாயிற்று. மாம்பழ மஞ்சள்தான் ஏற்கெனவே குறைந்துபோய் நிற்கிறது. இந்தப் பின்னல் நூலை அப்படித் தின்கிறது. அடுத்த கிழமை திரும்பவும் 100ஆம் இலக்க பஸ்.