சங்கு ஊதாத மில்: சில நாட்குறிப்புகள்

பிப்ரவரி 3

மூடிக் கிடக்கும் இந்தப் பழைய நூற்பு மில்லை நாடகத்துக்கும் ஓவியத்துக்குமான கலைக்கூடமாக மாற்றப் போகிறோம். சாவி கைக்கு வந்துவிட்டது. பூட்டுதான் மசியவில்லை. எண்ணெய் விட்டுவிட்டு அரை மணி நேரம் வாசலிலேயே நின்றோம்.

உள்ளே ஒரு நூற்பு இயந்திரம்கூட இல்லை. எல்லாம் எப்போதோ பழைய இரும்பாகப் போய்விட்டது. அவை நின்ற இடங்களில் போல்ட் முனைகள் மட்டும் வரிசையாகத் தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கின்றன. முதல் பத்து நிமிடத்தில் இரண்டு பேர் தடுக்கினார்கள், அதில் ஒருத்தி நான்.

ஆனால் அந்தக் கூரை! ரம்பப் பல் மாதிரி மடிந்து மடிந்து போகிறது. கண்ணாடி எல்லாம் வடக்குப் பக்கம். நேர் வெயில் அவ்வளவாக உள்ளே வராது, பகல் முழுக்கச் சீரான வெளிச்சம். நூல் அறுந்தால் கண்ணில் பட வேண்டும் என்று கட்டியிருக்கிறார்கள். படம் வரைகிறவர்கள் தேடுவதும் இதே வெளிச்சத்தைத்தான்.

பிப்ரவரி 9

பின்பக்கக் கொட்டகையின் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். எல்லோரும் சேர்ந்தால் ஒரே நாளில் உடைத்து இறக்கிவிடலாம் என்று எங்கள் பையன்கள் கிளம்பிவிட்டார்கள். நல்லவேளை, ஏணி இல்லை. உடையும்போது பறக்கும் இழை கண்ணுக்குத் தெரியாது. அது நுரையீரலில் தங்கி நோயாக வெளிப்பட 20, 30 ஆண்டுகள்கூட ஆகும். நனைத்து, உடையாமல் முழு ஷீட்டாகக் கழற்றி, பாலித்தீனில் சுற்றி வெளியேற்ற வேண்டும். அதற்குப் பயிற்சி உள்ளவர்கள் வரும்வரை கொட்டகைக்குப் பூட்டு. ஜன்னல் சட்டங்களில் உள்ள பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதையும் நிறுத்தியாயிற்று.

பிப்ரவரி 20

கூடத்தின் நடுவில் நின்று ஒரு தட்டு கைதட்டினேன். ஒலி அடங்க நான்கு நொடி ஆனது. பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும் என்றால் அது ஒரு நொடியை ஒட்டி இருக்க வேண்டும். இப்படியே நாடகம் போட்டால் முதல் வசனத்தின் ஒலி அடங்கும் முன்பே மூன்றாவது வசனம் அதன் மேல் ஏறிக்கொள்ளும்.

1895இல் ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்ற இயற்பியல் ஆசிரியருக்கும் இதே தலைவலி. அங்கே ஒரு விரிவுரைக் கூடத்தில் எதிரொலி ஐந்து நொடிக்கு மேல் நீடித்தது. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து அடுக்கி, ஒவ்வொரு முறையும் ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். கட்டட ஒலியியலின் அடிப்படைச் சூத்திரம் அதிலிருந்துதான் வந்தது. நாங்களும் ஆளுக்கு இரண்டு மெத்தை கொண்டுவந்து பரப்பினோம். கொஞ்சம் குறைந்தது. ரொம்ப இல்லை. கனமான திரைச்சீலைகளும் மேலே தொங்கவிடும் தடுப்புகளும் வேண்டும்.

மார்ச் 6

இன்று சண்டை. கூடத்தின் ஒரு மூலையில் பலகையால் பரண் போட்டு, மேலே ஐம்பது பேர் உட்கார வைக்கலாம் என்று ஒரு திட்டம். ஏறி இறங்க ஒரே ஒரு படி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. 2016 டிசம்பரில் அமெரிக்காவின் ஓக்லண்டில், கலைஞர்கள் குடியிருந்த பழைய கிடங்கு ஒன்றில் இசை நிகழ்ச்சியின்போது தீப்பிடித்து 36 பேர் இறந்தார்கள். அங்கே குடியிருக்கவும் அனுமதி இல்லை, நிகழ்ச்சி நடத்தவும் அனுமதி இல்லை. மாடிக்குப் போன படிக்கட்டில் ஒன்று மரப் பலகைகளை வைத்து ஒப்பேற்றியது.

"சும்மா பயமுறுத்தாதே" என்றார்கள். பயமுறுத்தத்தான் சொன்னேன். இரண்டாவது படிக்கட்டு வரும்வரை பரண் கிடையாது. கதவுகளையும் வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றுகிறோம்.

மார்ச் 15

முற்றத்தில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். சுவர் இடிந்த இடம் வழியாக வெகு நாட்களாகவே வருகிறார்களாம். வரைபடத்தில் அந்த இடத்தில் நாங்கள் சுவர் போட்டிருந்தோம்.

பிரேசிலின் சாவோ பாவ்லோவில் பழைய டிரம் (இரும்புப் பீப்பாய்) தொழிற்சாலை ஒன்றை செஸ்க் பொம்பேயா என்ற பண்பாட்டு மையமாக மாற்றியவர் கட்டடக் கலைஞர் லீனா போ பார்தி. பார்க்கப் போன இடத்தில் குழந்தைகள் ஓடி விளையாடுவதையும் குடும்பங்கள் பொழுதைக் கழிப்பதையும் கண்டு, இது இப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்தாராம். தொழிற்சாலைக் கொட்டகைகளை இடிக்கவில்லை. 1982இல் திறந்தார்கள். அப்புறம் 1986இல் பக்கத்திலேயே விளையாட்டுக்கென்று கான்கிரீட் கோபுரங்களும் எழுந்தன.

சரி, சுவர் வேண்டாம். அங்கேயே ஒரு கேட்.

மார்ச் 28

வெள்ளையடிக்க ஆள் வந்த அன்றைக்கே ஒரு பெரியவரும் வந்தார். இங்கே வேலை பார்த்தவராம். "ஏம்மா, இந்தத் தூணுக்கும் அடிக்கப் போறீங்களா?" என்று கேட்டார். அப்போதுதான் பார்த்தேன், தூணில் மங்கலாக 14 என்று எழுதியிருந்தது. அவருடைய மிஷின் நம்பர். எண்கள் எழுதிய தூண்களை விட்டுவிடச் சொன்னேன். போல்ட்களைத் தரைமட்டத்துக்கு அறுக்கிறோம், எண்ணெய்க் கறை படிந்த சிமெண்ட் அப்படியே இருக்கும்.

மிஷின் சத்தத்தில் பேச்சு கேட்காது, எல்லாம் கை ஜாடைதான் என்றார். ஒத்திகைக்கு வந்த பிள்ளைகள் சுற்றி நின்றுகொண்டார்கள். நூல் அறுந்துவிட்டது, கொஞ்சம் வா, நேரம் என்ன என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். மேஸ்திரி வருகிறார் என்பதற்கு, தோள்பட்டையை இரண்டு விரலால் தட்ட வேண்டும்.

சாயங்காலம் விளக்கை அணைக்க நான் உள்ளே போனபோது பன்னிரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் தோளைத் தட்டினார்கள்.